பிசகில்லாத புத்தகம்

ஏழாம் அத்தியாயம்

நூற்று இருபதாவது தடவையாகச் செல்லப்பன் பால் டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு ரப்பர் மரக் கொட்டையை எடுத்தான். அதில் மையால் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தான்.

"ரெண்டு. போதும்மா. இன்னும் எடுத்தா கடைக்காரரு காப்பிக்குப் பதிலா மந்திரிச்ச தண்ணி கொண்டாந்து தெளிப்பாரு."

கூலாய் ஊரின் காப்பிக்கடைச் சீனக் கிழவர் உண்மையிலேயே அந்த யோசனையில்தான் நின்றார். பட்டப்பகலில் ஒரு கார் டிரைவர் ஒரு மணி நேரமாக டப்பாவுக்குள் கைவிட்டு எண்ணைச் சொல்கிறான். எதிரே சேலை கட்டிய அம்மா அதற்கு ஒரு கோடு போடுகிறாள். இதைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது.

அந்த அம்மாவின் பெயர் யோகம். யாழ்ப்பாணத்துக்காரி, ஜொகூர் பாருவில் வீடு. கணவர் நில அளவைக்காரர். மெர்சிங் காட்டில் அளவுச் சங்கிலி பிடித்து அவர் அனுப்புகிற எண்களை வீட்டு மேசையில் வைத்துக் கூட்டிக் கழிப்பவள் யோகம்தான். அப்படிக் கூட்டிக் கொண்டிருந்தபோது, காட்டுப் பக்கமே போகாமல் ஓய்வு விடுதியில் உட்கார்ந்து அளவு எழுதிய மூன்று பேரை அவள் கண்டுபிடித்தாள். அதிலிருந்து எது காணாமற் போனாலும், எவன் புளுகினாலும் ஜனங்கள் அவள் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். 1934-க்குள் அவள் பெயர் மூவார் வரைக்கும் போய்விட்டது. கார் ஓட்டவும் வாய்பேசவும் செல்லப்பன்.

ஆனால் இந்த வழக்கு செல்லப்பனின் சொந்த வழக்கு.

அவனுடைய அண்ணன் அய்யாவு, செடெனாக்குக்கு அப்பால் ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக் கொண்டிருந்தவர். ஐந்து வாரத்துக்கு முன் புலி அடித்துச் செத்துப்போனார். தோட்டத்தின் கோடியில் பாயா என்று சொல்கிற சதுப்பு. அதை ஒட்டிய மரங்களில் புலி நடமாட்டம் என்று தெரிந்ததும் யாரும் அங்கே போக மறுத்தார்கள். துரை ஒரு வழி சொன்னார். ஆறு பேருக்கு ஆறு நம்பர். ஆறு கொட்டையில் எழுதி டப்பாவில் போட்டு, தினமும் மத்தியானம் பால் நிறுக்கும்போது ஒன்றை எடுப்பது. எந்த நம்பர் வருகிறதோ அந்த ஆள் மறுநாள் பாயாவுக்குப் போகவேண்டும். கங்காணி தங்கராஜு எடுப்பார். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி சிவசம்பு அதை வாங்கிப் படித்து, புத்தகத்தில் எழுதிவிட்டுத் திரும்பப் போடுவார். நூற்று இருபது நாள் இப்படி நடந்தது. அய்யாவு நாலாம் நம்பர்.

ரெண்டு நாளைக்கு ஒருக்கா என் புருஷன் நம்பர்தான் வந்துச்சு என்று அண்ணி காளியம்மா விசாரணையில் கத்தினாள். மற்ற ஐந்து பேரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த முறை தங்கள் நம்பர் வந்துவிடுமோ என்று பயம். விசாரிக்க வந்த அதிகாரி புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். அய்யாவு போனது இருபது நாள், மற்றவர்களும் ஏறக்குறைய அப்படியே. துக்கத்தில் இருக்கிறவளுக்கு எல்லாம் பெரிதாகத்தான் தெரியும் என்று எழுதி, புத்தகத்தின் நகலையும் அவளுக்கே அனுப்பிவைத்தார்.

செல்லப்பனுக்கு எந்தப் புத்தகமும் வேண்டியிருக்கவில்லை. டப்பாவுக்குள் கை விட்டவன் எவனோ அவன்தான் கொன்றவன். பிள்ளைகளைப் பிரம்பால் அடித்ததற்காகத் தங்கராஜுவைத் துரையிடம் அய்யாவு காட்டிக்கொடுத்தது தோட்டத்துக்கே தெரியும். ஆகவே பாராங் கத்தி ஒன்று சாக்கில் சுற்றியபடி கார் சீட்டுக்கு அடியில் கிடந்தது. இன்று தங்கராஜுவின் கடைசி நாள் என்று அவன் தீர்மானம் பண்ணியிருந்தான். அதற்குப் பிறகு தன் கழுத்தில் கயிறு விழும் என்பதும் அவனுக்குத் தெரியும், அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

யோகம் கோடுகளை எண்ணி முடித்தாள். ஒன்று பதினாலு தடவை, இரண்டு இருபத்தேழு, மூன்று பத்தொன்பது, நாலு இருபத்துமூன்று, ஐந்து பதினாறு, ஆறு இருபத்தொன்று.

"நீங்கள் களவு செய்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"நானா? கண்ண மூடிக்கிட்டு எடுத்தேம்மா."

"அப்ப ஏன் ரெண்டுக்கு இருபத்தேழு, ஒண்டுக்குப் பதினாலு?"

"அதுங்க இஷ்டம்லா. குலுக்கிப் போட்டு எடுத்தா முன்னப் பின்னத்தான் வரும்."

"அதை உங்கடை வாயாலை கேக்கத்தான் இவ்வளவு நேரம் மினக்கெட்டனான்," என்றாள் யோகம். கிராணியின் புத்தக நகலை அவன் முன்னால் நகர்த்தினாள். இருபது, இருபது, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, இருபது.

செல்லப்பன் அதைப் பார்த்தான். தன் கோடுகளைப் பார்த்தான்.

யோகம் கணக்கை அவனுக்குச் சொன்ன விதம் சுலபமாகத்தான் இருந்தது. நூற்று இருபது நாளை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இருபது எதிர்பார்க்கலாம். வந்தது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று ஒவ்வொன்றாய்ப் பார். கூடினதும் குறைந்ததும் ஒன்றை ஒன்று விழுங்கிவிடாமலிருக்க, அதை அதாலேயே பெருக்கு. பிறகு எதிர்பார்த்த இருபதால் வகு. இருபதில் ஆறு தவறினால் பெரிய விஷயம், இரண்டாயிரத்தில் ஆறு தவறினால் ஒன்றுமில்லை, அதற்காகத்தான் வகுப்பது. ஆறையும் கூட்டினால் ஒரே ஒரு எண் கிடைக்கும். எதிர்பார்ப்பும் நடப்பும் எவ்வளவு பொருந்துகின்றன என்று அது சொல்லும். சீமைப் புத்தகத்தில் அதற்குக் கை ஸ்கொயர் என்று பெயர்.

பேரைக் கேட்டா சிங்கப்பூருக்கு வர்ற கப்பல் மாதிரி இருக்கு என்றான் செல்லப்பன். ஆனாலும் கூட்டலைக் கவனமாகப் பார்த்தான். அவன் எடுத்ததற்கு ஐந்து புள்ளி ஆறு வந்தது. கிராணியின் புத்தகத்துக்கு வந்தது வெறும் புள்ளி ஒன்று.

யோகம் பையிலிருந்த புத்தகத்தின் கடைசிப் பக்க அட்டவணையைத் திறந்தாள். ஆறு பேரில் ஐந்து பேருடைய எண்ணிக்கை தெரிந்தால் ஆறாவது தானாக வந்துவிடும், அதனால் ஐந்தாம் வரிசையைப் பார்க்கவேண்டும் என்று விரலை வைத்தாள். நேர்மையாகக் குலுக்கினால் ஐந்தைச் சுற்றி விழுவதுதான் வழக்கம். பதினைந்தைத் தாண்டுவது நூற்றில் ஒரு தடவை. எல்லாரும் அந்த மேல் கோடியைத்தான் பார்ப்பார்கள், அட்டவணைக்குக் கீழ்க்கோடி ஒன்றும் இருக்கிறது. அரைக்குக் கீழே இறங்குவதும் நூற்றில் ஒரு தடவைதான்.

"புள்ளி ஒண்ணு?"

"ஆறாயிரம் தரம் இந்த நூற்றிருபது நாளையும் திருப்பி நடத்தினால் ஒருக்கால் வரலாம். குலுக்கல் இப்பிடி ஒழுங்காய் நடக்காது, செல்லப்பன். இது இருந்து இட்டுக்கட்டி எழுதின புத்தகம்."

செல்லப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அண்ணி பொய் சொல்லவில்லை. ஐந்து வாரமாக அவளைப் பைத்தியக்காரி மாதிரி பார்த்தார்களே, அத்தனை பேரும் இப்போது எதிரே வந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. அப்ப கங்காணி பண்ணின அக்கிரமத்த மறைக்க யாரோ புஸ்தகத்த மாத்தியிருக்காங்க என்றான்.

யார் எழுதியது என்று இந்தக் கணக்குச் சொல்லாது, கதை பொருந்தவில்லை என்று மட்டுந்தான் சொல்லும் என்றாள் யோகம். கிராணி எப்படிப்பட்டவர் என்று கேட்டாள்.

கிராணி நல்ல மனுஷன் என்று அவன் அடித்துச் சொன்னான். ஏழெட்டு மாதத்துக்கு முன் பெரட்டில், எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, காளியம்மாவைப் பார்த்து ஏதோ ஆபாசமாகச் சொல்லிவிட்டார். அய்யாவு ஓர் அறை விட்டதில் அவருடைய தொப்பி பால் வாய்க்காலில் விழுந்தது. மறுநாள் அவராகவே ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து, தப்பு தன்மேல்தான் என்று கைகொடுத்தார். சாவுக்கும் முதல் ஆளாக அரிசியோடு வந்தார்.

யோகம் பென்சிலைப் பைக்குள் போட்டாள். எழுந்தபோது அவனைப் பார்க்காமலே சொன்னாள்: "சீட்டுக்குக் கீழை கிடக்கிற கத்தி, நான் சொல்லும் வரைக்கும் அங்கையே கிடக்கட்டும்."

"அது இளநீ வெட்டறதுக்கும்மா."

"இளநீருக்கு மூண்டு நாள் தீட்டத் தேவையில்லை."

-

லயத்தில் காளியம்மா அவர்களை உட்காரச் சொல்லவில்லை. யோகம் கேட்டதும் உள்ளே போய் ஒரு சிரட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். அதற்குள் ரப்பர் கொட்டைகள். பாயாவுக்குப் போய் உயிரோடு திரும்புகிற ஒவ்வொரு நாளும் அய்யாவு அங்கிருந்து ஒரு கொட்டை பொறுக்கிவந்து மகள் செல்வராணியிடம் கொடுப்பாராம். அப்பா வந்துட்டேன் என்பதற்கு அதுதான் அடையாளம். விசாரணை அதிகாரியிடம் இதைக் காட்டியபோது, தோட்டம் முழுக்கக் கொட்டைதானே கிடக்கிறது என்று அவர் சிரித்தார்.

யோகம் எண்ணினாள். அறுபது இருந்தது.

"அறுவது நாள் வந்தாரு," என்றாள் காளியம்மா. "அறுவத்தொண்ணாவது நாளுக்குக் கொட்ட இல்ல."

நூற்று இருபதில் அறுபத்தொன்று. யோகம் மனசுக்குள்ளேயே பெருக்கி, அய்யாவு ஒருவருடைய பங்கு மட்டுமே எண்பத்துநாலு வருகிறது, அட்டவணையில் அதற்கு இடமே கிடையாது என்றாள். காளியம்மாவுக்கு அது புரியவில்லை, புரியவேண்டிய தேவையும் இல்லை. அவள் கொழுந்தனைத்தான் பார்த்தாள்.

"செஞ்சவன் யாருன்னு மட்டும் சொல்லு தம்பி. மத்தத நான் பாத்துக்கறேன்."

அந்தச் சிரட்டையிலிருந்து ஆறு கொட்டைகளை எடுத்துச் செல்லப்பன் கையில் கொடுத்தாள் யோகம். பால் ஸ்டோர் வாசலில் ஆணியில் தொங்கும் டப்பாவில் இருப்பதை எடுத்துவிட்டு இதைப் போடவேண்டும், யாரும் பார்க்கக்கூடாது. ஏன் என்று அவன் கேட்டான். பிறகு தெரியும் என்றாள். எப்படியும் கங்காணியின் கையைப் பிடிக்கத்தான் என்று நினைத்து அவன் சந்தோஷமாகப் போனான்.

-

பால் ஸ்டோரில் நிறுவை நடந்துகொண்டிருந்தது. வாளிகளோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். செல்லப்பன் அவர்களிடம், எங்க காருக்குப் பெட்ரோல் வாங்க வழியில்ல, கொஞ்சம் பால் ஊத்துங்க, ஓடுதான்னு பாப்போம் என்று சிரிப்புக் காட்டிக்கொண்டே ஆணிப் பக்கம் முதுகைச் சாய்த்து வேலையை முடித்தான். மூலையில் கூலாயிலிருந்து வந்த போலீஸ் சார்ஜன் ஒஸ்மான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். களவுபோன அவருடைய சைக்கிளை யோகம் ஒருமுறை கண்டுபிடித்துக் கொடுத்திருந்தாள், அதனால் அவள் கூப்பிட்டால் வருவார். புலி விஷயமாகப் பார்க்க வந்ததாகக் கிராணியிடம் சொல்லி வைத்திருந்தார்.

கிராணி சிவசம்பு வெள்ளைக் கோட்டும் சந்தனப் பொட்டுமாக எழுந்து வந்தார். யோகத்தின் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து, எந்த ஊர், எந்தக் குறிச்சி, யாருடைய மகள் என்று விசாரித்தார். குலுக்கல் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டதும் கூச்சமே இல்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

"நல்லாய்ப் பாருங்கோ தங்கச்சி. இருபத்திரண்டு வருசமாய்ப் புத்தகம் எழுதுறன். ஒரு பிசகு காணமாட்டியள்."

அது உண்மை. மைக்கறை இல்லை, அடித்தல் இல்லை. அய்யாவு செத்த மறுவாரத்திலிருந்து புதுப் பக்கம், நாலாம் நம்பருக்குப் புது ஆள். யோகம் விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே போனாள். மூடிக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி மடித்து, குலுக்கல் முடிகிறவரை திறக்கவேண்டாம் என்று சார்ஜனிடம் கொடுத்தாள்.

தங்கராஜு டப்பாவை எடுத்துவந்தார். அறுபது வயதுக்காரர், எழுத்து வாசனை கிடையாது, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பெருவிரல்தான். செல்லப்பன் அவருடைய கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கை முதலில் துண்டாகவேண்டும் என்று இடத்தைக்கூடப் பார்த்து வைத்தான். கை டப்பாவுக்குள் போயிற்று, கொட்டைகள் சலசலத்தன, ஒன்று வெளியே வந்தது. தங்கராஜு முகத்தை வேறு பக்கம் திருப்பியபடியே அதைக் கிராணியிடம் நீட்டினார்.

கிராணி வாங்கி, கண்ணுக்கு நேரே ஒரு விநாடி பிடித்தார்.

"ரெண்டு," என்றார். பேனாவை மையில் தொட்டார்.

யோகம் எழுந்து வந்து கையை நீட்டினாள். "அந்தக் கொட்டையை ஒருக்கால் தாருங்கோ."

கிராணி அதை டப்பாவில் போடப் போனார். சார்ஜன் ஒஸ்மானின் கை குறுக்கே வந்து வாங்கிக்கொண்டது. அவர் அதைப் புரட்டினார், மறுபக்கமும் புரட்டினார். அதில் எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. டப்பாவைக் கவிழ்த்தார். மற்ற ஐந்தும் அப்படியே வெறுங்கொட்டை. மடித்த காகிதத்தைப் பிரித்தார். அதில் இரண்டு என்று எழுதியிருந்தது.

"அலமாக்," என்று மலாயில் மெதுவாக வியந்தார் சார்ஜன்.

யோகம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். புதுப் பக்கத்தில் இருபத்தொன்பது நாள். ஐந்து பேருக்கு ஐந்தைந்து தடவை, இரண்டாம் நம்பருக்கு மட்டும் நாலு. கொட்டைக்குக் கணக்குத் தெரியாது, யார் எத்தனை தடவை போனார்கள் என்று அதற்கு ஞாபகமும் இருக்காது. ஆனால் கிராணிக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி குட்டையாக இருந்தால் பொறுக்காது. முன்பு வாயால் நாலு என்று படித்துவிட்டுப் புத்தகத்தில் வேறு நம்பர் எழுதினார், இப்போது விசாரணை வந்து போன பயத்தில் வாயாலும் எல்லாருக்கும் சமமாகப் படித்துக்கொண்டு வருகிறார். அதனால் இன்றைக்கு இரண்டுதான் என்று அவளால் முன்கூட்டியே எழுத முடிந்தது.

"நூற்றைம்பது நாள் எல்லாரும் கங்காணியின்ரை கையைப் பாத்தியள். படிக்கிற வாயை ஒருத்தரும் பாக்கேல்லை."

செல்லப்பனுக்கு முதலில் எதுவும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. அந்த அறை, வாய்க்காலில் மிதந்த தொப்பி, மறுநாள் லயத்துக்கு வந்து கொடுத்த கை, சாவு வீட்டு அரிசி. அந்த அரிசியில் அவனும் சாப்பிட்டிருந்தான். அவன் திரும்பிக் காரைப் பார்த்து நடந்தான்.

கிராணி அதற்குள் சுதாரித்துக்கொண்டார். கண் பார்வை கொஞ்சம் மங்கல், பழக்கத்தில் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன், அசட்டைதான், துரை என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன் என்று பணிவாகச் சொன்னார். சார்ஜன் உதட்டைப் பிதுக்கினார். புத்தகத்தில் பொய் எழுதினால் வேலை போகும், மிஞ்சினால் சில மாதம் உள்ளே. வேலைக்கு ஒருவனை அனுப்பியதைக் கொலை என்று எப்படி எழுதுவது என்று மலாயில் யோகத்தைக் கேட்டார்.

கார்க் கதவைத் திறந்த செல்லப்பன் காதில் அது விழுந்தது. சில மாதம். அவன் சாக்கை அவிழ்த்தான்.

"செல்லப்பன், இன்னும் நான் சொல்லேல்லை," என்றது யோகத்தின் குரல்.

அவள் கிராணியைப் பார்த்து, இன்றைய குலுக்கல் கெட்டது அவரால், அதனால் இன்றைக்குப் பாயாவை அவரே போய்ப் பார்த்துவரட்டும், துணைக்கு என் டிரைவர் வருவான் என்றாள். கிராணி வாசலைப் பார்த்தார். அங்கே செல்லப்பன் பாராங்கோடு நின்றான். அவன் முகத்தில் வேடிக்கைக்காரனின் அடையாளம் ஒன்றும் இல்லை.

"ஐயோ, நான் போகமாட்டன். அது மூண்டாம் வாய்க்காலாலை ஏறி வாற புலி. போனால் ஆள் திரும்பாது."

"மூண்டாம் வாய்க்கால் எண்டு ஆர் சொன்னது? அய்யாவு சாகமுந்தி ஒரு மாதமாய்ப் புலியின்ரை தடமே காணேல்லை எண்டு விசாரணையிலை கையெழுத்து வைச்சிருக்கிறியள்."

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

"நான்தாம்மா சொன்னேன்," என்றார் தங்கராஜு. "அய்யாவு சாகறதுக்கு மொத நாளு. மூணாம் வாய்க்கால்ல புதுத் தடம் பாத்தேன். நாளைக்கு யாரையும் பாயாவுக்கு அனுப்பாதீங்கன்னு இவர்கிட்ட வந்து சொன்னேன். துரைகிட்ட பேசிட்டேன், துரை போயே ஆகணும்னுட்டாருன்னாரு. அப்பறம் டப்பாவ நீட்டினாரு. எடுத்துக் குடுத்தேன். நாலுன்னாரு."

அவர் தன் கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல. எனக்கும் அவனுக்கும் ஆகாதுதான், ஆனா சாகட்டும்னு நினைக்கல என்று சொல்லி அழ ஆரம்பித்தார்.

மூன்று நாளாக இந்த ஆளைத்தான் வெட்ட வேண்டும் என்று செல்லப்பன் கத்தி தீட்டினான். யோகம் தடுத்திராவிட்டால் வெட்டியும் இருப்பான். சாட்சி செத்திருப்பார், தான் தூக்கில் தொங்கியிருப்பான், கிராணி இரண்டு சாவுக்கும் அரிசி கொண்டுவந்திருப்பார். அதை நினைத்ததும் அவன் கத்தியைக் கீழே போட்டான்.

இனிமேல் கொலை என்றே எழுதலாம் என்றார் சார்ஜன். வரிசையில் நின்ற ஐந்து பேரும் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கிராணியின் கையில் விலங்கு விழுந்தது.

-

தோட்டத்தில் வேறு வண்டி இல்லாததால் செல்லப்பனின் காரில்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. பின்சீட்டில் கிராணியும் சார்ஜனும், முன்னால் யோகம். புறப்படும்போது காளியம்மா ஓடிவந்தாள். அவள் கிராணியைத் திட்டவில்லை, துப்பவில்லை. டப்பாவிலிருந்த ஆறு கொட்டைகளையும் சிரட்டையில் திரும்பப் போட்டு, சிரட்டையைச் செல்லப்பன் மடியில் வைத்துவிட்டுப் போனாள். மத்ததை நான் பாத்துக்கறேன் என்று சொன்னவள் இதைத்தான் செய்தாள்.

மெயின் ரோட்டுக்குப் போகிற மண்பாதை பாயாவை ஒட்டித்தான் போகிறது. மூன்றாம் வாய்க்கால் பாலத்தில் செல்லப்பன் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தான்.

எஞ்சின் சூடாயிருச்சு, கொஞ்சம் ஆறட்டும் என்றான். சார்ஜன் ஒஸ்மான் அவனைப் பார்த்தார், ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு தன் பக்கத்து ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டார். வெயிலிலும் அந்த இடத்தில் ஈரமும் நிழலும். பால் பிடிக்க மரத்தில் கட்டிய மங்குகள் காய்ந்து கிடந்தன.

செல்லப்பன் இறங்கிக் கிராணியின் பக்கம் வந்து, ஜன்னல் வழியாக ஒரு கொட்டையை அவர் மடியில் போட்டான்.

"ஒண்ணு."

இன்னொன்று. "ரெண்டு." அவசரமே இல்லாமல் போட்டான். பத்து வரும்போது கிராணி வேர்த்தார். இருபதில், நான் பயமுறுத்தத்தான் நினைச்சன், சாகவேணும் எண்டு நினைக்கேல்லை என்று புலம்பினார். இருபதோட நிறுத்தணும்னா உங்க புஸ்தகத்துலதான் நிறுத்தணும் என்று சொல்லி அடுத்ததைப் போட்டான் செல்லப்பன். நாற்பதில் கிராணி முன்சீட்டைப் பார்த்து, தங்கச்சி, நாங்கள் ஒரே ஊர்ச் சனம், இவனை நிப்பாட்டச் சொல்லுங்கோ என்று கெஞ்சினார்.

"எண்ணி முடியட்டும்," என்றாள் யோகம். திரும்பிப் பார்க்கவில்லை.

ஐம்பதைத் தாண்டியதும் எங்கோ ஒரு காய்ந்த கிளை ஒடிந்து விழுந்தது. கிராணி காலைத் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டார். மடியிலிருந்த கொட்டைகள் உருண்டு காருக்குள் சிதறின.

"அறுவது," என்று கடைசிக் கொட்டையைப் போட்டான் செல்லப்பன். சிரட்டை காலியாயிற்று. வெறும் சிரட்டையை அவருக்குக் காட்டினான். பிறகு கதவைப் பிடித்து அகலத் திறந்தான்.

"அறுவத்தொண்ணு. எறங்குங்க."

கிராணி அலறினார். விலங்கு பூட்டிய கைகளால் சார்ஜனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவர் பின்னால் உடம்பை ஒளித்து, வேண்டாம் வேண்டாம் என்று அழுதார். சார்ஜன் ஜன்னல் பக்கமே பார்த்தபடி புகைவிட்டார்.

செல்லப்பன் அதைக் கண்ணாரப் பார்த்தான். ஆத்திரம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் இந்த முகத்தைச் சாகிற வரைக்கும் மறக்கமாட்டான், இந்த இடத்தை அந்த ஆளும் மறக்கமாட்டார். அது அவனுக்கு வேண்டியிருந்தது.

"எங்கண்ணன் இதே எடத்துல எறங்கினாரு, கிராணி ஐயா. போக வேணாம்னு தடுக்க அன்னைக்கு யாரும் வரல."

கதவை அவனே சாத்தினான். சுற்றி வந்து உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பி, கூலாய்க்கு ஓட்டினான்.